தைஃபல்லாவின் ஸ்டீரிங் ஆடிய விவரம்

தைஃபல்லாவின் லாரியில் ட்ரெய்லரை மாட்டினால் ஸ்டீரிங் ஆடும். எஞ்சினை அணைத்து, சாவியைச் சட்டைப்பையில் போட்டுக்கொண்டு, அவன் இறங்கிப்போய்ப் பகல் தொழுகையை முடித்துத் திரும்பி வந்த பிறகும் ஆடிக்கொண்டிருக்கும். ட்ரெய்லரைக் கழற்றிவிட்டால் அந்த நொடியே அடங்கிவிடும். எங்கள் ஆட்களில் இதைப் பார்க்காதவர் யாருமில்லை. சுரங்கத்திலிருந்து பாஸ்பேட் மண்ணை அள்ளி அகபா துறைமுகத்துக்குக் கொண்டுபோய்க் கொட்டிப் பிழைக்கிற ஊர் எங்கள் தர்ஃபா. வீட்டுக்கு ஒரு லாரி, லாரிக்கு ஒரு கோளாறு என்பது எங்களுக்குப் பழகிப்போனது. ஒருவன் வண்டியில் கியர் விழாது, இன்னொருவன் வண்டி ஏற்றத்தில் இருமும். ஆகவே நின்ற வண்டியில் ஸ்டீரிங் ஆடுவதைக் கண்டு எவரும் வாயைப் பிளக்கவில்லை. ஆட்டம் எந்தப் பாகத்திலிருந்து வருகிறது என்றுதான் கேட்டார்கள். அதற்குப் பதில் கிடைக்காததால் ஒரு குடும்பம் ஊரைவிட்டுப் போனது போனதுதான்.

டீசல் விலை திடீரென்று ஏறிய வருடம், கோடை தொடங்கும் சமயத்தில், ராஸ் அந்நகப் மலை இறக்கத்தில், ஒட்டகக் கழுத்து என்று நாங்கள் சொல்லும் வளைவில் தைஃபல்லாவின் ட்ரெய்லர் பக்கவாட்டில் வீசியது. சாலை ஓரத்தில் தன் பிக்கப் வண்டியை நிறுத்தி, சரிந்துபோன பார்லி மூட்டைகளை இழுத்துக் கட்டிக்கொண்டிருந்த மேட்டு நிலத்துப் பையன் முத்லக்கை அது அடித்துப் போட்டது. கயிற்றின் ஒரு முனையை அவன் பல்லில் கடித்துக்கொண்டிருந்தான்; கடித்தபடியே கிடந்தான். தைஃபல்லா இறங்கி ஓடிவந்து, தன் தலைத்துணியை அவிழ்த்து அவன்மேல் போர்த்திவிட்டு, பக்கத்தில் உட்கார்ந்து, வந்தவர் போனவரிடமெல்லாம் ஒரே வாக்கியத்தைத்தான் சொன்னான்: "ஸ்டீரிங் ஆடிச்சுங்க. சுரங்கத்துல கெளம்புனதுலேருந்து ஆடிச்சு. கைக்கு அடங்கல." சாலைக் காவலர்கள் வண்டியைத் தங்கள் முற்றத்தில் கொண்டுபோய் நிறுத்தினார்கள். ஆளில்லாத வண்டியில் ஸ்டீரிங் ஆடுவதை அங்கே காவலுக்கு இருந்தவர்கள்தான் முதலில் பார்த்தார்கள். ஆடுகிறது என்று எழுதிக்கொண்டார்கள். ஏன் ஆடுகிறது என்று எழுதவில்லை; அது அவர்கள் வேலையும் இல்லை. சட்டம் கொடுத்த தண்டனையை தைஃபல்லா கழித்துவிட்டு வந்தான், அது சீக்கிரமே முடிந்தது. எங்கள் வழக்கு அவ்வளவு சுலபமாக முடிவதில்லை. கை பட்டோ வண்டி பட்டோ ஒருவன் செத்தால், கொன்றவன் வீட்டார் செத்தவன் வீட்டாரின் கண்ணில் படாத தூரத்துக்குப் போய்விட வேண்டும். சமாதானக் காப்பி குடிக்கும்வரை திரும்பக் கூடாது. தைஃபல்லாவும் அவன் மனைவி வத்ஹாவும் பெண்களும் வடக்கே கத்ரானாப் பக்கம் வேறொரு குலத்தாரின் நிழலில் போய் ஒண்டிக்கொண்டார்கள்.

பழிவாங்காமல் பொறுத்திருக்கும்படி போர்நிறுத்தம் கேட்டு எங்கள் குலப் பெரியவர் அபு மின்வர் ஆட்களோடு மேட்டு நிலத்துக்குப் போனார். முத்லக்கின் தகப்பனார் ஹுவைமில் ஆடு வளர்ப்பவர். லாரியில் ஏறியே பழக்கமில்லாத மனிதர். சாலை விபத்து என்றால் வழக்கமாக ஒரு தகப்பன் கொஞ்ச நேரம் முகத்தைத் திருப்பிக்கொண்டிருந்துவிட்டு, வந்தவர்களின் மரியாதைக்காக விட்டுக்கொடுத்துவிடுவான். ஹுவைமில் ஒரு வருடப் போர்நிறுத்தம் கொடுத்தார்; முகத்தைத் திருப்பவும் இல்லை, மன்னித்து விட்டுக்கொடுக்கவும் இல்லை. "என் மகனக் கொன்னது இரும்புன்னா அந்த இரும்பக் கொண்டாந்து எங்கையில குடுங்க," என்றார். "கையின்னா கையின்னு சொல்லுங்க. எதுன்னே தெரியாம நான் யாரப்பா மன்னிக்கிறது?" அபு மின்வருக்கு உள்ளுக்குள் ஏக சந்தோஷம். இரத்தத்துக்கு இரும்பைக் கேட்கிறாரே, இதைவிட லேசான நிபந்தனை எங்கே கிடைக்கும் என்று வரும் வழியெல்லாம் தொடையைத் தட்டிக்கொண்டு வந்தார். பாவம், அவருக்கு லாரியைப் பற்றித் தெரிந்ததும் ஹுவைமிலுக்குத் தெரிந்த அளவுதான்.

வண்டி மஆன் நகரில் பர்ஜஸின் பட்டறைக்குப் போனது. பர்ஜஸ் கெட்டிக்காரன், அதைவிட வாய்க்காரன். எஞ்சின் சத்தத்தைக் கேட்டே ஓட்டுநரின் பெயரைச் சொல்லிவிடுவேன் என்பான். முதலில் முன் டயர்களைப் பின்னுக்கும் பின் டயர்களை முன்னுக்கும் மாற்றிப் பார்த்தான். சக்கரங்களைச் சுழலவிட்டு ஈயக் கட்டி ஒட்டி எடை சரிபார்த்தான். முன் அச்சைத் தூக்கி நிறுத்தி, சக்கரத்தை மேலும் கீழுமாகப் பிடித்து உலுக்கி, பேரிங்கில் தளர்ச்சி இருக்கிறதா என்று பார்த்தான். ட்ரெய்லரின் அச்சு கோணலாக இருந்தால் அது லாரியின் மூக்கைப் பிடித்து இழுக்கும் என்று கயிறு பிடித்து இருபக்கமும் அளந்தான். அளவில் பிசகில்லை. சரக்கைப் பின்னால் குவித்தால் லாரியின் முன்பக்கம் லேசாகித் தூக்கும், அப்போது ஸ்டீரிங் கூத்தாடும் என்று சொல்லி, மண்ணை முன்னே தள்ளிக் குவித்துப் பார்த்தான்; பிறகு மொத்தத்தையும் கொட்டிவிட்டு வெறும் ட்ரெய்லரை மாட்டிப் பார்த்தான். வேறொருவன் ட்ரெய்லரை மாட்டினால் அப்போதும் ஆடியது. தைஃபல்லாவின் ட்ரெய்லரை வேறொரு லாரியில் மாட்டினால் அது சாதுவாகப் போய் வந்தது. கடைசியில் பர்ஜஸ் கையைத் துடைத்துக்கொண்டு வந்து தைஃபல்லாவின் முன் குந்தினான். "இத பாரு அண்ணே. வேகம் போனா வர்ற ஆட்டம்னா டயரு. பிரேக் போட்டா வர்ற ஆட்டம்னா டிரம்மு. பள்ளத்துல விழுந்தா வர்ற ஆட்டம்னா டை ராடு. சும்மா நிக்கிறப்ப வர்ற ஆட்டத்துக்கு என் வாத்தியார் ஒண்ணும் சொல்லிக் குடுக்கல. அந்தாளு மவுத்தாயிட்டாரு, போய்க் கேக்கவும் முடியாது."

கண்டுபிடிக்க முடியாதபோது மெக்கானிக்குகள் செய்வதையே அவனும் செய்தான்: ஒவ்வொரு பாகமாகக் கழற்றிப் புதிது போட்டான். கழற்றிய பாகத்தை அபு மின்வர் சுத்தமான துணியில் சுற்றி ஹுவைமிலிடம் கொண்டுபோனார். விருந்தாளி கொண்டுவந்த பொருளைத் திருப்பியனுப்புவது அழகில்லை என்பதால் ஹுவைமில் அதை வாங்கி முற்றத்தில் வைத்துக்கொள்வார். இரும்பின் முன்னால் கொஞ்ச நேரம் உட்கார்ந்து பார்ப்பார். பிறகு கத்ரானாவிலிருந்து செய்தி வரும், வண்டி இன்னும் ஆடுகிறது என்று. அந்தப் பாகம் குற்றமற்றது என்று ஆகிவிடும். அச்சு, வில் பட்டைகள், முன் சக்கரக் கிங்பின், ட்ரெய்லரைக் கோக்கும் தட்டு என்று குற்றமற்ற இரும்புகள் அவர் முற்றத்தில் குவிந்தன. ஆடுகள் அவற்றின்மேல் ஏறி நின்று அசைபோட்டன. "நம்ம ஊரு நீதிமன்றத்துல இத்தன நல்லவங்களப் பாத்ததில்லப்பா," என்று ஹுவைமில் ஒருமுறை சொன்னாராம். அவர் சிரித்தாரா என்று சொன்னவனுக்குத் தெரியவில்லை.

கத்ரானாவில் ஒண்டியிருந்த இடத்துப் பெண்கள் இந்த ஆட்டத்தை வீணாக்கவில்லை. வெண்ணெய் எடுக்க ஆட்டுத்தோல் பையில் தயிரை ஊற்றி மணிக்கணக்கில் ஆட்ட வேண்டும்; தோள் இற்றுவிடும். தைஃபல்லா வண்டியை ட்ரெய்லரோடு நிறுத்தியிருக்கும் நாட்களில் அவர்கள் பையைக் கொண்டுவந்து ஸ்டீரிங்கில் கட்டித் தொங்கவிட்டுவிட்டு வேறு வேலை பார்க்கப் போனார்கள். வெண்ணெய் நன்றாகத் திரண்டது, ருசியும் குறைவில்லை. வத்ஹா மட்டும் அதைத் தொடவில்லை. வீட்டுக்காரி ஒருத்தி ரொட்டியில் தடவி நீட்டியபோது, "நீங்களே சாப்பிடுங்க மதினி, எனக்கு எறங்காது," என்று சொல்லிவிட்டாள். தைஃபல்லாவிடம் அவ்வளவு பதமாகப் பேசவில்லை. "இந்தக் கருமம் புடிச்ச வண்டியக் கொளுத்திப் போட்டுட்டு வாய்யா. நடந்தாவது ஊருக்குப் போவோம்," என்பாள். "கொளுத்துனா எதக் கொண்டுபோயிக் காட்டுறதுடி? அது ஆடுறதுதான் எனக்குச் சாட்சி," என்பான் அவன். அவள் காறித் துப்புவாள். "நல்ல சாட்சி. வாயத் தொறக்காத சாட்சி." அந்தக் காலத்தில்தான் அவர்களின் மூத்தவளுக்குக் கல்யாணம் ஆனது, மாப்பிள்ளை ஊர்வலம் வந்து நின்றது இரவல் வீட்டு வாசலில். தன் வீட்டில் செய்ய வேண்டிய கல்யாணத்தை அடுத்தவர் வாசலில் செய்த அவமானத்தில் வத்ஹா அன்று ஒரு குலவைகூட இடவில்லை.

இப்படியே போனால் தன் காலத்தில் முடியாது என்று அபு மின்வர் நினைத்தார். அங்கேதான் அந்த மனிதர் சறுக்கினார். நல்ல எண்ணத்தில்தான் சறுக்கினார் என்று எங்கள் ஊரில் இன்றும் சொல்வார்கள். நானும் மறுக்க மாட்டேன். கழற்றிவைத்திருந்த டை ராடின், அதாவது ஸ்டீரிங்கை முன்சக்கரங்களோடு இணைக்கும் கம்பியின், குமிழை அரத்தால் தேய்த்து, கையில் எடுத்தால் கடகடவென்று ஆடும்படி செய்தார். பர்ஜஸ் பார்த்துவிட்டு, பார்க்காதவன் மாதிரி தேநீர் குடிக்கப் போய்விட்டான். பிறகு சாட்சிகளை வரவழைத்து, லாரியை ஓட்டிக் காட்டினார்கள். ஸ்டீரிங் கல்லில் பதித்ததுபோல் நின்றது. ட்ரெய்லரை மாட்டாமல் ஓட்டினார்கள் என்பதைச் சாட்சிகள் கவனிக்கவில்லை. கவனித்தவர்கள், பெரியவர் செய்தால் காரணம் இருக்கும் என்று இருந்துவிட்டார்கள். ஹுவைமில் அந்த டை ராடைக் கையில் வாங்கி, காதருகே வைத்து ஆட்டிப் பார்த்தார். அது கடகடத்தது.  "இவ்வளவு சின்னதா?" என்று மட்டும் கேட்டார். சமாதானத்துக்கு நாள் குறித்தார்கள்.

சமாதான நாளில் ஆடும் அரிசியும் நெய்யும் விறகும் கொன்றவன் பக்கத்தார் கொண்டுபோக வேண்டும். அதை இரவல் வண்டியில் கொண்டுபோவது எங்களிடம் மானக்கேடு. சொந்தமாக ஒரு வண்டிகூட இல்லாத பயல்களா நம் பையனைக் கொன்றார்கள் என்று பேச்சு வரும். ஆகவே தைஃபல்லாவின் லாரியிலேயே ஏற்றுவது என்று இளவட்டங்கள் முடிவு செய்தார்கள். ஆடுகள் அதிகம், ட்ரெய்லரை மாட்டினார்கள். அபு மின்வர் காரில் முன்னதாகவே கிளம்பிப் போயிருந்தார், அவருக்கு இது தெரியாது. லாரியை ஓட்டிவந்த பங்காளிக்கு ஸ்டீரிங் ஆடியது தெரிந்தது. பாதை சரியில்லை என்று நினைத்துக்கொண்டான். ஹுவைமிலின் கூடாரத்துக்கு நேர் எதிரே, எல்லாரும் பார்க்கட்டும் என்று, கம்பீரமாக நிறுத்தி இறங்கினான்.

கூடாரத்தில் நூற்றுக்கணக்கான ஆண்கள் உட்கார்ந்திருந்தார்கள். காப்பிக் கிண்ணங்கள் விருந்தாளிகளின் முன்னால் தரையில் இருந்தன. கேட்டு வந்தது கிடைக்கும்வரை விருந்தாளி காப்பியைத் தொட மாட்டான். கிடைத்துவிட்டால் வீட்டுக்காரர் குடியுங்கள் என்பார். அபு மின்வர் எழுந்து நின்று பேசினார். ஹுவைமில் தலையைக் குனிந்து கேட்டுக்கொண்டிருந்தார். கடைசியில் அவர் எழுந்தார்.  "அல்லாவுக்காகவும், நடந்து வந்த உங்க காலுக்காகவும். குடிங்கப்பா உங்க காப்பிய." அத்தனை கைகளும் கிண்ணத்தை எடுத்தன. அந்த அமைதியில்தான் எல்லாருக்கும் கேட்டது. வெளியே, எஞ்சின் அணைந்து குளிர்ந்துபோன லாரிக்குள், உள்கண்ணாடியில் தொங்கவிட்டிருந்த தஸ்பீஹ் மணிமாலை டக்டக்கென்று முன்கண்ணாடியில் அடித்துக்கொண்டிருந்தது. ஹுவைமில் கூடாரத்தின் வாசலுக்குப் போனார். வண்டியின் கதவைத் திறந்து பார்த்தார். ஸ்டீரிங் ஆடிக்கொண்டிருந்தது. திரும்பி வந்து, கோபப்படாமல், களைத்துப்போன குரலில், "கீழ வைங்க," என்றார். கிண்ணங்கள் ஒவ்வொன்றாகத் தரைக்குப் போயின. காது கேளாத ஷ்தைவி மட்டும் அதற்குள் குடித்துவிட்டார். ஒரு வாய் சமாதானம் ஆகிவிட்டது, மிச்சம்தான் பாக்கி என்று சாகும்வரை வாதாடிக்கொண்டிருந்தார். அபு மின்வர் பெரியவர் என்ற மரியாதைக்கு அடையாளமாகத் தலையிலிருந்த கறுப்புக் கயிற்றைக் கழற்றி அங்கேயே வைத்துவிட்டு வெளியேறினார். அதன்பிறகு எந்தச் சபையிலும் அவர் உட்காரவில்லை. மேட்டுக்கு அப்பால் ஒரு காருக்குள், கூப்பிடுவார்கள் என்று புதுச் சட்டை போட்டுக் காத்திருந்த தைஃபல்லாவை யாரும் கூப்பிடவில்லை. செய்தி தெரிந்ததும், "அரத்தப் போட்டாரா? அபு மின்வரா?" என்று கேட்டு, கார்க் கதவில் தலையைச் சாய்த்து அழுதான்.

ஹுவைமில் பழிவாங்கக் கிளம்பவில்லை. போர்நிறுத்தத்தை வருடா வருடம் நீட்டித்துக்கொடுத்தார். அதற்கு மேல் அவரிடம் கேட்க எங்களில் எவனுக்கும் முகமில்லை. தைஃபல்லாதான் ஓயவில்லை. பாஸ்பேட் ஏற்றுவான், இறக்குவான், கையில் கிடைத்ததைக் கொண்டு அடுத்த பாகத்தை மாற்றுவான். கியர்பெட்டி போனது, எஞ்சின் போனது, ஒரு குளிர்காலத்தில் சேஸிஸையே மாற்றினான், அடுத்த வருடம் ஓட்டுநர் உட்காரும் முழுக் கூண்டையும் மாற்றினான். எப்படிச் சமாளித்தான் என்று என்னைக் கேட்காதீர்கள், வத்ஹாவின் கழுத்தைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். கழற்றியதையெல்லாம் யார் மூலமாவது மேட்டுக்கு அனுப்பிக்கொண்டேயிருந்தான். பழைய லாரி ஏறக்குறைய முழுவதும் ஹுவைமிலின் முற்றத்தில் அசையாமல் கிடந்தது. பழைய லாரியின் ஒரே ஒரு பாகத்தைத் தவிர எல்லாம் மாறிப்போன புது லாரி, ட்ரெய்லரை மாட்டினால், முன்பு ஆடிய அதே ஆட்டம் ஆடியது. பர்ஜஸ் அதைப் பார்க்கவே மறுத்துவிட்டான். "வேற எடம் பாருண்ணே. ஒன் வண்டியப் பாத்தா எனக்குத் தொழில் மறந்துபோகுது."

கடைசியாக மிஞ்சியது ஸ்டீரிங் சக்கரம் மட்டும்தான். கை பட்டுப் பட்டுத் தேய்ந்து, உறை கிழிந்த பழைய சக்கரம். அதையும் கழற்றிப் புதிது போட்ட மறுநாள், யாரிடமும் சொல்லாமல், தைஃபல்லா தானே லாரியை எடுத்துக்கொண்டு, ட்ரெய்லரோடு, மேட்டு நிலத்துக்குப் போனான். கொன்றவன் செத்தவனின் மண்ணில் கால் வைப்பது என்றால் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு போவது. ஹுவைமிலின் தம்பி மக்கள் துப்பாக்கி எடுக்க உள்ளே ஓடினார்கள். ஆடுகளுக்குத் தண்ணீர் காட்டிக்கொண்டிருந்த ஹுவைமில் வாளியைக் கீழே வைத்தார். "வுடுங்கடா," என்றார். தைஃபல்லா பழைய சக்கரத்தை இரண்டு கைகளாலும் நீட்டினான். "இனிமே கொண்டாற ஒண்ணுமில்ல பெரியவரே. இதான் கடைசி. இதுவும் இல்லன்னு இப்பத்தான் பாத்துட்டு வரேன்." ஹுவைமில் அதை வாங்கவில்லை. அவனைத் தாண்டி நடந்துபோய், லாரியின் உயரமான படியில் சிரமப்பட்டுக் காலை வைத்து, கதவின் கம்பியைப் பிடித்து ஏறி உட்கார்ந்தார். "ஓட்டு," என்றார். "எங்கன்னு கேக்காத."

பிற்பகல் வெயிலில் ராஸ் அந்நகப் இறக்கத்தின் தலையிலிருந்து வண்டி மெதுவாகக் கீழே இறங்கியது. ஹுவைமில் உட்கார்ந்த இடத்திலிருந்தே எட்டி, தைஃபல்லாவின் இரண்டு கைகளுக்கும் நடுவே, ஸ்டீரிங்கின் மேல் தன் உள்ளங்கையை வைத்தார். ஆட்டம் அவர் முழங்கை வரைக்கும் ஏறியது, தாடி ஆடியது. இத்தனை வருடமாகக் கேட்டுக்கொண்டே இருந்ததை அன்றுதான் அவர் கையால் தொட்டார். "இப்படியா ஆடும்?" என்றார். "இப்படித்தான் பெரியவரே." ஒட்டகக் கழுத்து வந்தது. வளைவுக்குள் முன்சக்கரம் நுழைந்ததும் ஸ்டீரிங் நின்றது. தஸ்பீஹ் மணி நின்றது. முத்லக் கிடந்த இடத்தை வண்டி கடக்கும்வரை, தூங்குகிற குழந்தையின் நெற்றியைத் தொட்டதுபோல் அவ்வளவு அமைதியாக இருந்தது அந்தச் சக்கரம். வளைவு முடிந்ததும் ஆட்டம் திரும்ப வந்தது. தைஃபல்லா வண்டியை ஓரம்கட்டி நிறுத்தினான். அந்தச் சம்பவத்துக்குப் பிறகு அவன் இந்த வளைவு வழியாக வந்ததே இல்லை. துறைமுகத்துக்கு நீண்ட மாற்றுப் பாதையில்தான் போய்வந்தான்.

"இங்க ஆடல," என்றார் ஹுவைமில். "ஆடல." "அன்னைக்கு?" என்று கேட்டார் கிழவர். அவர் குரலில் மிரட்டல் இல்லை, கெஞ்சல்தான் இருந்தது. "அன்னைக்கு இங்க ஆடிச்சா தம்பி?" ஆடிச்சு என்று சொன்னால் போதும். காவலரிடம் சொன்னதை, அபு மின்வரிடம் சொன்னதை, படுக்கையில் வத்ஹாவிடம் ஆயிரம் முறை சொன்னதை இன்னொரு முறை சொன்னால் போதும். அன்று மாலையே காப்பி கிடைத்திருக்கும், அடுத்த நாள் வீடு கிடைத்திருக்கும். கிழவர் அதைக் கேட்கத்தான் ஏறியிருந்தார் என்பது அவர் முகத்தில் தெரிந்தது.  "தெரியல பெரியவரே," என்றான் தைஃபல்லா. "ஆடிச்சுன்னுதான் இத்தன நாளு நெனச்சிட்டிருந்தேன். அல்லா மேல சத்தியமா, இப்ப எனக்குத் தெரியல."

ஹுவைமில் கையை எடுக்கவில்லை. கண்ணை மூடிக்கொண்டார். கீழே துறைமுகத்துக்குப் போகும் லாரிகள் ஒன்றன்பின் ஒன்றாக அவர்களைக் கடந்துபோயின. "திருப்பு," என்றார். "மேல போயி, மறுபடியும் எறங்கு."

அன்று இருட்டும்வரை இறங்கினார்கள். தைஃபல்லா கத்ரானாவுக்குத் திரும்பி நடந்ததைச் சொன்னதும் வத்ஹா அவனை அடிக்கவில்லை, ஏசவும் இல்லை. ஊருக்குப் போகும்போது அவிழ்க்கலாம் என்று வந்த நாளிலிருந்து கயிறு பிரிக்காமல் சுவரோரம் வைத்திருந்த கம்பளங்களை ஒவ்வொன்றாக அவிழ்த்து, அந்த இரவல் வீட்டின் தரையில் விரித்தாள். "உக்காருங்க," என்றாள் பெண்களிடம். "இனிமே இதான் வீடு."

சமாதானம் இன்றுவரை ஆகவில்லை. தர்ஃபாவில் அவர்கள் வீட்டைத் தெருக்காரர்கள் வைக்கோல் போடப் பயன்படுத்துகிறார்கள். வெள்ளிக்கிழமைத் தொழுகை முடிந்ததும் தைஃபல்லா லாரியில் வெறும் ட்ரெய்லரை மாட்டிக்கொண்டு மேட்டுக்கு வருவான். ஹுவைமில் சாலையோரம் காத்திருப்பார். சலாம் சொல்லிக்கொள்வதில்லை, பேச்சும் கிடையாது. ஏறி உட்கார்ந்து ஸ்டீரிங்கில் கையை வைப்பார். இறக்கம் முழுவதும் கை ஆடிக்கொண்டே வரும், ஒட்டகக் கழுத்தில் நிற்கும். அந்த இடத்தில் தைஃபல்லா, ஆட்கள் இறங்கி நடந்தால் முந்திவிடும் அளவுக்கு, மெதுவாக ஓட்டுவான். பின்னால் எத்தனை லாரி வரிசை கட்டி நின்றாலும் எங்கள் ஆட்கள் ஹாரன் அடிப்பதில்லை. கிழவர் கையை எடுக்கும்வரை காத்திருந்துவிட்டு, கியரை மாற்றிக் கீழே போவோம்.